சென்னையில் தாம்பரம் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: எனக்குக் கிண்டியில் வேலை, மனைவிக்குச் சோழிங்கநல்லூரில். ஜூனில் குழந்தையை எல்கேஜி சேர்க்க வேண்டும். குரோம்பேட்டை, மேடவாக்கம், கூடுவாஞ்சேரி மூன்றும் பார்த்தோம். வாடகை கூடுவாஞ்சேரியில்தான் குறைவு. எங்கே போகலாம்?

இருவரில் யாருக்கு ரயில் இல்லையோ அவருக்குப் பக்கமாக வீடு பாருங்கள். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் கிண்டி ஆறாவது நிறுத்தம். தாம்பரம் வழியாகப் போகும் ஜிஎஸ்டி சாலை எவ்வளவு நெரிந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை. உங்கள் மனைவி சாலையை நம்பித்தான் போயாக வேண்டும், அதிலும் சோழிங்கநல்லூர் இருக்கும் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மெட்ரோ வேலை நடக்கிறது. ஆகவே வீடு தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கட்டும். ராதா நகர், சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் எல்லாம் அந்தப் பக்கம்தான். நீங்கள் வண்டியை ஸ்டேஷனில் விட்டு ரயில் ஏறலாம். அவர் வேளச்சேரி சாலையில் மேடவாக்கம் போய்ச் சோழிங்கநல்லூருக்குத் திரும்பலாம். மேற்கே பம்மல் பக்கம் வீடு எடுத்தால் அவர் தினமும் இரண்டு முறை ஜிஎஸ்டி சாலையையும் தண்டவாளத்தையும் தாண்ட வேண்டும்.

மேடவாக்கம் அவருக்கு வசதிதான், ஆனால் அங்கே ரயில் நிலையம் கிடையாது. கூடுவாஞ்சேரி வாடகையைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து வரும் ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். உங்கள் மனைவி வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையைச் சுற்றிப் போக வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், செவ்வாயோ புதனோ காலை எட்டரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து இரண்டு அலுவலகத்துக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள், மாலையில் திரும்பியும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பள்ளியையும் முதலில் முடிவு செய்யுங்கள். வீடு பதினொரு மாதத்தில் மாறலாம், பள்ளி மாறாது.

கேள்வி: செம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு வாங்க இருக்கிறோம். "இங்கே தண்ணியே நிக்காது" என்கிறார் தரகர். எப்படி உறுதி செய்வது?

தரகரிடம் கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும், பால் போடுகிறவரிடமும், மளிகைக் கடையிலும் கேளுங்கள். "தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் "அப்படியெல்லாம் இல்லீங்க" என்பார்கள். "2015 டிசம்பர்ல எதுவரைக்கும் வந்துச்சு? 2023 மிக்ஜாம் புயலப்போ?" என்று கேளுங்கள். முழங்கால், இடுப்பு என்று கையால் காட்டிவிடுவார்கள்.

பிறகு நீங்களே கண்ணால் பாருங்கள். பழைய வீடுகளின் சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்தில் கறை ஓடுகிறதா? மின்மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி மாட்டியிருக்கிறார்களா? வாசற்படிக்குக் குறுக்கே புதிதாகச் சிறு சுவர் எழுப்பியிருக்கிறார்களா? மூன்றும் இருந்தால் அந்தத் தெரு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.

சம்ப் (நிலத்தடி நீர்த்தொட்டி) மூடி சாலை மட்டத்துக்குக் கீழே இருந்தால் மழைநீரும் கழிவுநீரும் குடிநீர்த் தொட்டியில் கலக்கும். தார்ச்சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதால் பல பழைய வீடுகள் இப்படித்தான் பள்ளமாகிப் போயின. ஜெனரேட்டரும் லிஃப்ட் குழியும் தரைத்தளத்தில் எந்த உயரத்தில் உள்ளன என்றும் பாருங்கள்.

காகிதத்தில் பார்க்க வேண்டியது சர்வே எண். தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் அந்த எண்ணுக்கு 'அ' பதிவேடும் (நில விவரப் பதிவு) புலப்படமும் (நில வரைபடம்) எடுத்து, நிலம் நஞ்சையா, புஞ்சையா, பக்கத்து எண் ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கா என்று பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் திறந்தால் இன்றைய மனைப்பிரிவு அன்று என்னவாக இருந்தது என்று தெரியும். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். அந்தப் பாதையில் வீடு இருந்தால் தரைத்தளமோ மூன்றாம் மாடியோ, பால் வாங்கக்கூட வெளியே வர முடியாது. மேற்கே முடிச்சூர், வரதராஜபுரத்தில் அடையாறு வெள்ளம் செய்ததும் இதுதான்.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். தள்ளுபடி மாத இறுதியோடு முடிகிறது என்று அவசரப்படுத்தினாலும் பொறுத்திருங்கள். பட்ஜெட் போடும்போது பத்திரப் பதிவுக்கு 9 சதவீதம் வரை (முத்திரைத் தீர்வை 7 வரை, பதிவுக் கட்டணம் 2) தனியாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், துரைப்பாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறோம். வாடகை தவிர வேறு என்ன செலவு வரும்?

பெரிய செலவு தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் கணக்கு. வீட்டுக்கு நான்கு பேர் வீதம் 12 வீடுகள் உள்ள கட்டடத்துக்கு 6,480 லிட்டர் வேண்டும். போர்வெல் வற்றிவிட்டால் 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் இரண்டு நாளுக்குக்கூடப் போதாது, அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் ஏறும். கடந்த மே மாதப் பராமரிப்புக் கட்டண ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், மார்கழி மாத ரசீதை நம்ப வேண்டாம். நீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் குழாய் நீரில் வையுங்கள். 500க்குள் இருந்தால் நல்லது. 2,000ஐத் தாண்டினால் அது குடிக்க ஆகாது, கீசரும் வாஷிங் மெஷினும் உப்பு படிந்து சீக்கிரம் கெடும்.

அடுத்தது மின்சாரம். உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உரிமையாளரின் இணைப்பிலிருந்து எடுத்த சப் மீட்டர் என்றால் அவர் சொல்லும் யூனிட் விலைதான்.

முன்பணம் பற்றி: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்டால் இதைச் சொல்லிப் பேசுங்கள். காலி செய்யும்போது பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் மீதியைத் தருவார்கள், நால்வரில் ஒருவர் கிளம்பினால் புதியவரைச் சேர்க்கலாமா என்ற மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.