படிவம் ஆறா, மெட்ரிகுலேஷனா? கேளுங்கள், சொல்கிறேன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறுக்கு, அதாவது ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடித்தவர்கள் எஸ்டிபிஎம் தேர்வுக்குப் படிக்கும் வகுப்புக்கு, பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு வழியான அரசு மெட்ரிகுலேஷனில் யாருக்கு இடம் என்ற முடிவு வந்ததிலிருந்து கைப்பேசி ஓயவில்லை. இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

சார், மகளுக்கு மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை. நான் செம்பனைத் தோட்டத்தில் வேலை. படிவம் ஆறு போனால் காலம் வீணாகுமா?

ஆகாதும்மா. மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரரும் பிற பூர்வகுடிகளும்), மீதி 10தான் மற்ற எல்லாருக்கும். 2024இல் எஸ்பிஎம்மில் 10ஏ எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் என் வகுப்புக்கு வந்தவர்களில் பத்துப் பாடம் எடுத்தவர்களையே விரல்விட்டு எண்ணலாம். எஸ்டிபிஎம் மூன்று பருவம், ஒன்றரை வருடம். பிள்ளை வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம். ஒரு பருவத்தில் சறுக்கினால் திரும்ப எழுதலாம். அப்புறம், பல்கலைக்கழகத்துக்குத் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாடம். கபடிச் சான்றிதழைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

தனியார் கல்லூரி முகவர் 'பிடிபிடிஎன் அரசு கல்விக் கடன் இருக்கு, ஒரு வெள்ளி கட்ட வேண்டாம்' என்கிறார்.

கடன் என்றால் கட்டித்தான் ஆகவேண்டும், பிள்ளை பெயரில். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு விண்ணப்பத்தின் முடிவு வரும்வரை எங்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

யுபியு கடவுச்சொல் மறந்துவிட்டது.

யுபியு பக்கத்திலேயே மீட்டுக்கொள்ளலாம் தம்பி.

மெட்ரிகுலேஷனில் நமக்குப் பத்து விழுக்காடு அநியாயம். நீங்கள் பொறுத்துப் போகச் சொல்கிறீர்களே?

பொறுக்கச் சொல்லவில்லை ஐயா. பல்கலைக்கழகத்தில் 2002இலேயே கோட்டா போய் 'தகுதி' வந்தது என்கிறார்கள். ஒரு வருட மெட்ரிகுலேஷன் படிப்பையும் ஒன்றரை வருட எஸ்டிபிஎம் படிப்பையும், இரண்டு வேறு தேர்வுகளையும், ஒரே தராசில் வைக்கிறார்கள். எனக்கும் எரிகிறது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். ஆனால் உங்கள் கோபம் தீரும்வரை படிவம் ஆறின் பதிவு காத்திருக்காது.

படிவம் ஆறு எதுவும் கிடைக்காதவர்களுக்குத்தானே?

இதைச் சொல்லிச் சொல்லியே நம் பிள்ளைகள் வெட்கப்பட்டு விலகுகிறார்கள். என்னிடம் படித்த பால்மரம் வெட்டுபவர் மகள் இன்று மருத்துவர். போதுமா?

சார், மெட்ரிக் கிடைக்கல, என்ன செய்யலாம்?

மேலே முதல் பதில்.

தமிழ் மொழியை எஸ்டிபிஎம்மில் எடுக்கலாமா?

எடுக்கலாம். உங்கள் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

முகவர் மறுபடியும் வீட்டுக்கு வந்திருக்கிறார் சார்…

தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பேனா கொடுக்காதீர்கள்.