கனடாவிலிருந்து வந்த வீடியோக் கசெட்டில் படம் கறுப்பு வெள்ளையாக உருளுவது ஏன்?

கசெட்டை எறிந்துவிடாதீர்கள், அது பழுதாகியிருக்க வாய்ப்புக் குறைவு. ரொறன்ரோவில் வாங்கிய 1980களின் கொலைத்திகில் படம் கிளிநொச்சியில் உங்கள் வீடியோ டெக்கில் கறுப்பு வெள்ளையாக உருளுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் அது பெரும்பாலும் என்.டி.எஸ்.சி. என்ற வட அமெரிக்கத் தொலைக்காட்சி முறைக் கசெட். அதில் படத்துக்கு 525 கோடுகள், நொடிக்கு ஏறக்குறைய 30 சட்டகங்கள் (முழுப் படங்கள்). இலங்கையில் உள்ளது பி.ஏ.எல். முறை: 625 கோடுகள், 25 சட்டகங்கள். இரண்டும் பொருந்தாததால்தான் நிறம் போய்ப் படம் உருளுகிறது.

படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். குரல்கள் தடித்து இழுபட்டால், உங்கள் டெக்கினால் நாடாவை அதற்குரிய வேகத்தில் ஓட்ட முடியவில்லை. இரு முறைகளையும் ஓட்டும் டெக் தேவை. குரல் இயல்பாக இருந்தால் குறை பெரும்பாலும் தொலைக்காட்சியில்தான். ஏவி இணைப்புள்ள தட்டைத் தொலைக்காட்சியில் பொருத்திப் பாருங்கள். வீட்டிலுள்ள பழைய கல்யாணக் கசெட்டும் உருண்டால் மட்டுமே டெக்கைப் பழுதுபார்க்கக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாரி மழைக்குப் பிறகு வன்னியில் எந்தக் கசெட்டையும் போடுமுன் அதன் கண்ணாடி வழியே நாடாவைப் பாருங்கள். வெண்பூஞ்சணம் தெரிந்தால் போடவே வேண்டாம். டெக்கில் நாடாவை வாசிக்கும் ஹெட் அடைபடும், அடுத்துப் போடும் கசெட்டுக்கும் பரவும்.

லண்டன் உறவினரிடம் கேட்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். பிரித்தானியக் கசெட்டுகள் பி.ஏ.எல். முறைதான். ஆனால் அங்கு 1984இல் வீடியோக்களுக்குத் தணிக்கைச் சான்றிதழைக் கட்டாயமாக்கிய வீடியோப் பதிவுச் சட்டம் வந்தபின் இவ்வகைப் படங்கள் சில வெட்டுப்பட்டே வெளிவந்தன. அதற்கு முந்தைய பதிப்புகளைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள், விலையும் அதிகம். நான் என்றால் கனடாக் கசெட்டை வைத்துக்கொண்டு டெக்கை மாற்றுவேன்.