கல்ட் படம் எண்டா என்ன, பழைய பங்க் பேண்ட் படங்கள் ஏன் லேசில கிடைக்குதில்ல?

கல்ட் படம் எண்டா தியேட்டர்ல பெரிசா ஓடாம, ஆனா ஒரு சின்னக் கூட்டம் வருசக்கணக்கா விடாம கொண்டாடுற படம். நம்ம கல்லடிப் பாலத்துப் பாடுமீன் மாதிரித்தான், கேட்டவங்க கொஞ்சப் பேர், கதைக்கிறவங்க முழு மட்டக்களப்பும்.

உதாரணத்துக்கு பெனலபி ஸ்பீரிஸ் எடுத்த 'தி டிக்ளைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்', 1981ல வந்த டாக்குமெண்டரி, லாஸ் ஏஞ்சலஸ் பங்க் (வேகமான, முரட்டு ராக் பாட்டு) பேண்டுகள் பிளாக் ஃப்ளாக், எக்ஸ், ஜெர்ம்ஸ் எல்லாம் அதுல இரிக்கி, ஆனா ஒழுங்கான டிவிடி வர 2015 ஆகிட்டு (34 வருசம்!).

இப்பிடியான படங்கள் பிந்துறதுக்கு ஒரு பெரிய காரணம் பாட்டு உரிமை. படத்துக்கு ஒரு சொந்தக்காரர், ஒவ்வொரு பாட்டுக்கும் வேற வேற ஆக்கள், பேண்ட் பிரிஞ்சிருந்தா ஆளத் தேடிப் பிடிக்கிறதே பெரிய வேல. அஞ்சு சகோதரங்கள்ட பேர்ல இருக்கிற காணிய விக்கப் போய் ஒராள் கையெழுத்து வைக்காட்டி உறுதி முடிக்கேலாதே, அதே கததான்.

தேடக்குள்ள பேரோட டைரக்டர் பேரும் வருசமும் சேத்து அடிங்க, ஏனெண்டா இதே பேர்ல 1988லயும் 1998லயும் ரெண்டு பாகம் இரிக்கி, நான் முதல்ல மெட்டல் பேண்ட் பாகத்தப் போட்டுட்டு பங்க் எங்கடா எண்டு முழிச்சன். வெளிநாட்டு டிஸ்க் வாங்கிறெண்டா ரீஜன் கோட் (எந்தப் பகுதிப் பிளேயர்ல ஓடுமெண்டு காட்டுற குறி) பாருங்க, நம்ம பிளேயர்ல ஓடாமலும் போகும்.

இன்னொண்டு, கடையில இல்லாத பழைய படமெண்டா காப்புரிமை முடிஞ்சிட்டு, ஆரும் கொப்பி அடிக்கலாம் எண்டு கனபேர் நினைக்கிறாங்க, அப்பிடியில்ல, விக்காட்டியும் உரிமை உரிமைதான்.