வால்பாறையில் விலங்குகளையும் பறவைகளையும் பார்க்க எந்த மாதம் போகலாம்? என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

விடுதிக்காரர்களைக் கேட்டால் ஏப்ரல், மே என்பார்கள். அது பள்ளி விடுமுறைக்கான சீசன். சாலை முழுக்க வண்டியும் ஹாரனுமாக இருக்கும் அந்த நாட்களில் காட்டுயிர் பார்ப்பது சிரமம். எதைப் பார்க்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், மாதம் தானாக அமைந்துவிடும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் சிபாரிசு ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறைச் சரிவில் அப்போது வரையாட்டுக் குட்டிகள் தாயோடு நிற்கும். கேரளப் பக்கம் இரவிகுளத்தில் குட்டி ஈனும் காலம் என்று வழக்கமாகப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். இங்கே நடுவில் நெடுஞ்சாலை போவதால் கட்டுப்பாடு நம் கையில்தான். வண்டியை ஓரங்கட்டி, கதவை அறையாமல் சாத்தி, சாலையிலிருந்தே பாருங்கள். பிஸ்கட் போட்டால் ஆடுகள் சரிவை விட்டுச் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடும்.

இதே மாதங்களில்தான் பெரிய இருவாச்சி கூடு கட்டுகிறது. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டு வாசலை எச்சத்தால் அடைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் ஆண் கொண்டுவரும் பழங்கள்தான், முக்கியமாக அத்தி, அதற்குச் சோறு. கூட்டு மரத்தடியில் கேமராவோடு நாலு பேர் நின்றால் ஆண் பறவை தூரத்திலேயே உட்கார்ந்திருக்கும், உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி. அதனால் கூட்டைத் தேடாதீர்கள், பழுத்த அத்தி மரத்தைத் தேடுங்கள். இருவாச்சியின் சிறகடிப்பு ‘ஹூஷ் ஹூஷ்’ என்று வெகுதூரம் கேட்கும். சத்தம் வந்த பிறகு நிமிர்ந்து பார்த்தாலே போதும்.

சோலைமந்திக்கு, அதாவது சிங்கவால் குரங்குக்கு, மாதக் கணக்கு கிடையாது. புதுத்தோட்டம் பகுதியில் எந்தப் பருவத்திலும் பார்க்கலாம். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் பட்டைகள் அவை கீழிறங்காமல் கடக்கப் போட்ட பாலங்கள்.

யானைகள் அக்டோபருக்குப் பிறகு சில மாதங்கள் அதிகம் நடமாடும். பகலில் ஆற்றோரக் காட்டிலும் சோலைத் துண்டுகளிலும் நிற்கும், பொழுது சாய்ந்ததும் தேயிலைக்குள் இறங்கும். கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்ற எச்சரிக்கை. அதைப் பார்த்துவிட்டு யானையைத் தேடிக் கிளம்புகிறவர்களும் உண்டு, என்ன சொல்ல. சாலையில் எதிர்ப்பட்டால் தள்ளியே நிறுத்தி, ஹை பீமை அணைத்து, ஹாரனைத் தொடாமல் காத்திருங்கள். நெருங்கி வந்தால் மெதுவாக ரிவர்ஸ். இறங்கவே கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை. பலர் இந்த மாதங்களை ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. வரையாட்டுக் கிடாய்கள் மேனி கறுத்து, முதுகில் வெளிறிய பட்டையோடு இணைக்காக மோதிக்கொள்வது இந்த மாதங்களில்தான். விடியற்காலையில் ஓடைப்பக்கம் சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கும்.

மழைக்காலத் தொல்லை, ரத்தம் உறிஞ்சும் அட்டைதான். சாதாரணக் காலுறையின் பின்னல் வழியே அது புகுந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் அட்டை உறை வாங்கி, பேன்ட்டுக்கு மேலே மாட்டி இறுக்கிக் கட்டுங்கள். புகையிலைத் தூள் தடவினாலும் ஓடையில் கால் நனைந்தால் கரைந்துபோகும், மறுபடி தடவ வேண்டும். கடித்துவிட்டால் இழுக்காதீர்கள். தீக்குச்சி, உப்பு எல்லாம் வேண்டாம், அட்டை வயிற்றில் உள்ளதைப் புண்ணிலேயே கக்கிவிடலாம். மெல்லிய முனைதான் வாய். அங்கே நகத்தைச் சரித்து நெம்பி, பிறகு தடித்த முனையை எடுங்கள். ரத்தம் உறையவிடாத சுரப்பைச் செலுத்தியிருப்பதால் கசிவு சீக்கிரம் நிற்காது. பஞ்சு வைத்து அழுத்தினால் போதும். சொறிந்தால்தான் புண்ணாகும்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) வாங்குங்கள். 10x25 சட்டைப்பையில் அடங்கும், ஆனால் சோலை இருட்டில் ஒன்றும் தெரியாது. ஏசி காரிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸில் ஆவி படியும். மலையேறத் தொடங்கும்போதே ஏசியை நிறுத்திவிடுங்கள். மழைக்காலத்தில் இரவு முழுக்க சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

காட்டுக்குள் தன்னிஷ்டத்துக்கு நடக்க முடியாது, இது ஆனைமலைப் புலிகள் காப்பகம். எஸ்டேட் பாதைகளும் தனியார் நிலம், கேட்டுவிட்டு நுழையுங்கள். 2025 நவம்பர் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். பொள்ளாச்சியில் விடிந்ததும் கிளம்பினால், வெயில் ஏறி வரையாடுகள் நிழலுக்கு ஒதுங்குமுன் ஒன்பதாவது வளைவில் இருக்கலாம். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் கருகல் வாடை வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது.