காய்ந்துபோன சுருட்டை மீட்க முடியுமா?

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன் அண்ணன் ஹவானா போய் வந்தபோது ஒரு பெட்டி மாண்டிகிறிஸ்டோ சுருட்டு வாங்கி வந்து கொடுத்தார். கெடாமல் இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் விரலால் அழுத்தினாலே சருகு போலச் சத்தம் வருகிறது. ஈரத்துணியில் ஒரு நாள் சுற்றி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா? (சென்னை வாசகர் ஒருவர்)

பதில்: வேண்டாம். நானும் முதன்முதலில் அதைத்தான் செய்தேன். நான்கு சுருட்டுகளோடு ஈர ஸ்பாஞ்ச் ஒன்றை டப்பாவில் போட்டு மூடினேன். மூன்றாம் நாள் திறந்தால் நான்கிலும் மேல் இலை நீளவாக்கில் பிளந்திருந்தது. உள்ளே சுருட்டியிருக்கும் இலைகள் ஈரம் பட்டதும் உப்புகின்றன. மேலே சுற்றியிருக்கும் மெல்லிய இலை, அதுவும் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருப்பது, அந்த அழுத்தத்தைத் தாங்குவதில்லை.

முதலில் சுருட்டுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஐஸ் படியாத ரக ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மூடாமல் வைத்த கொத்தமல்லித் தழை இரண்டே நாளில் வதங்குகிறதே, அதே கதைதான். இதில் சுருட்டு இழப்பது இரண்டு: ஒன்று நீர், இன்னொன்று இலையின் வாசனை எண்ணெய்கள். நீரைத் திருப்பிக் கொடுக்கலாம். எண்ணெய் போனால் போனதுதான்.

ஆகவே வேலையில் இறங்கும் முன் பற்றவைக்கும் முனையை மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். தோல், மரம், கோகோ போல ஏதாவது மணம் லேசாக வந்தால்கூட முயற்சி வீண்போகாது. வெறும் வைக்கோல் வாசனை என்றால் விட்டுவிடுங்கள். பூண்டு, சாம்பார் வாசனை வந்தாலும் அப்படித்தான். புகையிலை பக்கத்தில் இருப்பதன் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பெட்டியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கியூபப் பெட்டிகளில், சுருட்டை அடைத்த மாதத்தின் ஸ்பானியச் சுருக்கமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே பெட்டியில் எத்தனை வருடம் கிடந்தது என்று அதில் தெரிந்துவிடும்.

மணம் இருக்கிறதா? சரி, அப்படியானால் பொறுமைதான் மருந்து. காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சுருட்டுக்கென்றே விற்கும் இருவழி ஈரப்பதப் பைகள் (போவெடா போன்றவை; காற்று காய்ந்தால் ஈரம் விடும், ஈரம் கூடினால் உறிஞ்சிக்கொள்ளும்), சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று, இவ்வளவு போதும். சுருட்டுகளை வெளியே எடுக்காமல், செலஃபன் உறை இருந்தால் அதையும் கழற்றாமல், மரப்பெட்டியோடு டப்பாவுக்குள் வையுங்கள். பெட்டியும் உறையும் ஈரத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும், நமக்கு வேண்டியதும் அதுதான். முதல் மாதம் டப்பாவின் ஈரப்பதத்தை 62 சதவீதத்தில் நிறுத்தும் பை, அடுத்த மாதம் 65. புத்தகங்கள் 70 வரை போகச் சொல்லும். அது 20 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. சென்னையில் 65-லேயே நின்றுகொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் பூஞ்சை வரும் ஆபத்து கூடும்.

ஈரப்பதமானியை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, குழையும் அளவுக்கு மட்டும் சில சொட்டு நீர் விட்டு, மானியோடு ஜிப் பையில் ஓர் இரவு மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மானி நான்கு குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம்.

எப்போது முடிந்தது என்று தெரிய நான் நகை எடைபோடும் சின்னத் தராசைப் பயன்படுத்துகிறேன். ஒரே ஒரு சுருட்டை அடையாளம் வைத்து வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த சுருட்டு அரை கிராம்கூட ஏறும். இரண்டு மூன்று வாரம் எடை அசையாமல் நின்றால் நடுப்பகுதி வரை ஈரம் போய்ச் சேர்ந்துவிட்டது. விரலால் அழுத்திப் பார்ப்பதைவிட இது நம்பகமானது.

ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் தோல், ரம்மில் நனைத்த பஞ்சு, குளியலறை நீராவி எதுவும் வேண்டாம். முதல் இரண்டும் பூஞ்சைக்கு விருந்து. ரம் போட்டால் ரம் வாசனைதான் மிஞ்சும்.

அப்புறம், ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்ததும் வண்டுப் பிரச்சினை இருக்கிறது. மஞ்சள் கிழங்கிலும் மல்லியிலும் ஊசித்துளை போடும் அதே பழுப்பு வண்டுதான் புகையிலையையும் தின்னும். சுருட்டில் அதன் முட்டை இருந்தால், வெயில் ஏறும்போது பொரிந்து புழு வந்துவிடும். டப்பாவை ஏசி அறை அலமாரியில், சுவரோடு ஒட்டாமல் வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய மரத்தகட்டை எறிந்துவிடாதீர்கள். ஸ்பானிய தேவதாரு என்று பெயர். உண்மையில் அது தேவதாருவும் இல்லை, ஸ்பெயினுடையதும் இல்லை, நம் வேம்பின் குடும்பம்.

வீட்டில் உறையூர்ச் சுருட்டு இருந்தால் இந்த டப்பாவில் சேர்க்காதீர்கள். இரு முனையும் வெட்டிய அந்த ரகத்துக்கு இவ்வளவு சீராட்டல் தேவையில்லை, அதன் காரமும் மற்றவற்றில் ஏறிவிடும். (ஆங்கிலத்தில் இந்த ரகத்தைச் சொல்லும் 'செரூட்' என்ற சொல்லே நம் 'சுருட்டு'தான்.) இன்னொன்று: இந்தப் பாடெல்லாம் சுவைக்காக மட்டுமே. வாய்ப் புற்றுநோய் ஆபத்து காய்ந்த சுருட்டிலும் உண்டு, மீட்ட சுருட்டிலும் உண்டு.

எடை நின்றபின் ஒன்றை மட்டும் பற்றவைத்துப் பாருங்கள். சரசரவென்று வேகமாக எரிந்து, புகை சூடாகி நாக்கைக் கடித்தால் ஈரம் இன்னும் போதவில்லை. மற்றவற்றை இன்னும் ஒரு மாதம் விடுங்கள். நிதானமாக எரிந்தும் சுவை தட்டையாக இருந்தால் எண்ணெய் போய்விட்டது. அதன்பின் எத்தனை மாதம் டப்பாவில் வைத்தாலும் மாறாது.