அம்மா பூட்டி வைத்த ரிப்போர்ட்

எனக்கு 31 வயது. கணவர், ஆறு வயது மகளோடு தஞ்சாவூரில் இருக்கிறேன். அம்மாச்சி சினைப்பைப் புற்றுநோயில் போனார். அம்மாவுக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். போன வருடம் 36 வயது அக்காவுக்கும் அதே நோய். மரபணுப் பரிசோதனை எடுத்ததில் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில், மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிறழ்வு இருப்பதாக வந்தது. "கூடப் பிறந்தவங்களும் பார்த்துக்கணும், தாய்மாமாவுக்கும் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அந்த ரிப்போர்ட்டை அம்மா பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். தம்பிக்குப் பெண் பார்க்கிறோம். மாமாவின் மூத்த பெண்ணுக்கும் வரன் வருகிறது. "வெளிய தெரிஞ்சா நம்ம வீட்டுல யாரு சம்பந்தம் பண்ணுவா?" என்கிறார். எனக்கோ டெஸ்ட் எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். குளிக்கும்போதெல்லாம் கை தானாகக் கட்டியைத் தேடுகிறது. மகளைப் பார்த்தால் அழுகை வருகிறது. அம்மாவுக்குத் தெரியாமல் மாமாவிடம் சொல்லிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ரகசியமாகச் சொல்ல வேண்டாம். சொல்லாமலும் இருக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் அம்மா பேசுகிறார், டாக்டர் பேசுகிறார். அக்கா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரிப்போர்ட் அவருடையது. யாரிடம் சொல்லலாம் என்று முதலில் அவரைத்தான் கேட்க வேண்டும்.

அம்மாவின் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. சம்பந்தம் பேசும் இடத்தில் "குடும்பத்துல ஏதும் சீக்கு உண்டா?" என்று நேராகவே கேட்பவர்கள் நாம். ஆனால் பல அம்மாக்களிடம் இந்தப் பயத்துக்குள் வேறொன்றும் இருக்கும்: 'என் வயித்துல பொறந்ததாலதானே என் பொண்ணுக்கு வந்துச்சு' என்ற உறுத்தல். கல்யாணப் பேச்சை விட்டுவிட்டு அம்மாச்சியைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். "அம்மாச்சி மேல உனக்குக் கோபம் உண்டாம்மா?" என்று கேளுங்கள். அநேகமாக இல்லை என்றுதான் சொல்வார். எங்களுக்கும் உன் மேல இல்லை என்று அப்போது சொல்லலாம்.

அப்புறம் மாமா. ஊருக்குச் சொல்வது வேறு, மாமாவுக்குச் சொல்வது வேறு. இந்தப் பிறழ்வு உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது வர சரிபாதி வாய்ப்பு. அதனால் தம்பியும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் நோயில்லாமலே இதைச் சுமந்து மகள்களுக்குக் கொடுக்கலாம். முதலில் மாமா மட்டும் பரிசோதித்தால் போதும். அவரிடம் இல்லை என்றால் இந்தப் பிறழ்வு அவர் வழியாக அவருடைய பெண்களுக்குப் போயிருக்காது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், மாமா வீட்டுக்கு நிம்மதியாகவும் முடியலாம் என்று. அக்கா ரிப்போர்ட்டின் நகல் அவர்களுக்கு வேண்டும். எந்த இடத்தில் பிறழ்வு என்று தெரிந்துவிட்டதால் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டெஸ்டுக்கு முன் மரபணு ஆலோசகர் ஒருவரிடம் கணவரோடு போய் உட்காருங்கள். பிறழ்வு இருக்கிறது என்பது நோய் இருக்கிறது என்பதல்ல. இருந்தால் வருடாவருடம் மார்பக எம்ஆர்ஐ, மேமோகிராம் எடுக்கச் சொல்வார்கள். சினைப்பைப் புற்றுநோயை ஸ்கேனில் முன்கூட்டியே பிடிப்பது கடினம் என்பதால், குழந்தைப்பேறு முடிந்த பிறகு 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடப் பொதுவாகப் பரிந்துரைப்பார்கள். யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. மகளுக்கு இப்போது எந்த டெஸ்டும் தேவையில்லை. 18 வயதுக்குப் பிறகு அவளே முடிவு செய்யட்டும். தினமும் கட்டி தேடுவதால் பயம்தான் வளரும். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. 'இல்லை' என்று வந்தாலும் சிலர் உடைந்து போவார்கள், 'அக்காவுக்கு மட்டும் ஏன்' என்று. ரிசல்ட் எதுவானாலும் அக்காவிடம் அன்றைக்கே சொல்வதா, அவருடைய சிகிச்சையைப் பார்த்துக்கொண்டு சொல்வதா என்பதை ரத்தம் கொடுக்கும் முன்பே அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.