பழைய ரேடியேட்டர், புதிய பாய்லர்: புகைக்குழாய் எதுவாக இருக்க வேண்டும்?

கேள்வி: வீட்டைச் சூடேற்றும் பழைய எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு, 95 விழுக்காடு செயல்திறன் கொண்ட புதிய பாய்லரைப் பொருத்தவிருக்கிறோம். அதன் வெந்நீரால் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் பழையவையே. புகைக்குழாய்க்குப் பிவிசி போதும் என்கிறார் ஒருவர். பாலிபுரொப்பிலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்தான் வேண்டும் என்கிறார் மற்றொருவர். மூன்றாமவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தவிர வேறெதையும் ஏற்க மறுக்கிறார். இருக்கிற செங்கல் புகைபோக்கியையே பயன்படுத்த முடியாதா? எரிவாயு வெந்நீர்க் கலன் ஒன்றும் அதில் இணைந்திருக்கிறது.

பதில்: மூவருமே ஏதோ ஒரு வீட்டுக்குப் பொருந்தும் பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் ரேடியேட்டர்கள் பழையவை என்பதை அவர்கள் கணக்கில் கொண்டார்களா என்பது ஐயமே. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை குழாயைத் தீர்மானிப்பது அந்தச் செய்திதான்.

பழைய பாய்லரின் புகை பெரும்பாலும் 150 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் வெளியேறியது. அந்தச் சூட்டினால் அது தானாகவே மேலெழும்பியது. குழாயும் உலர்ந்தே இருந்தது. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. எரிவாயுவின் வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அந்த ஆவியில் மறைந்திருக்கிறது. உயர்செயல்திறன் சாதனங்கள் புகையை அதன் பனிநிலையான, அதாவது ஆவி நீராகத் தொடங்கும் சூடான 55 பாகை அளவுக்கும் கீழே குளிரவைத்து, ஆவியை நீராக்கி, அந்த வெப்பத்தையும் மீட்டுக்கொள்கின்றன. இதனால் புகை மேலெழும்பும் வலுவை இழக்கிறது. விசிறிதான் அதை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. ஒடுங்கிய நீரோ 3 முதல் 5 வரை பிஎச் கொண்ட அமிலநீர். ஆகவே குழாய் அமிலத்தைத் தாங்க வேண்டும், அழுத்தத்தில் ஒரு மூட்டிலும் கசியக் கூடாது, புகையின் உச்ச வெப்பத்தையும் தாங்க வேண்டும். முதல் இரண்டிலேயே துத்தநாகம் பூசிய தகரமும் பழைய வகை அலுமினியக் குழாயும் தோற்றுவிடுகின்றன. செங்கல் புகைபோக்கியின் சுண்ணச் சாந்தையும் அமிலநீர் அரித்துவிடும். எனவே புதிய பாய்லரின் புகையை நேராக அதற்குள் விடுவது கூடவே கூடாது.

குழப்பமெல்லாம் மூன்றாவது தேவையில்தான். தண்ணீருக்குப் பதில் காற்றைச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்பும் வெப்பக்காற்று ஃபர்னஸுக்குள் திரும்பி வருவது அறைச் சூட்டிலுள்ள காற்று. அதனால் புகை நன்கு குளிர்ந்தே வெளியேறும். அத்தகைய சாதனங்களில் பிவிசி குழாய்கள் நெடுங்காலமாக உழைத்துவருவதற்கு அதுவே காரணம். பாய்லரில் நிலைமை வேறு. புகை ஒருபோதும் வீட்டைச் சுற்றிப் பாய்லருக்குத் திரும்பிவரும் தண்ணீரைவிடக் குளிர முடியாது. அதைவிடச் சில பாகைகள் கூடுதலாகவே இருக்கும். தரைக்கடியில் குழாய் பதித்துச் சூடேற்றும் வீட்டில் தண்ணீர் 35 பாகை அளவில் திரும்பிவந்தால் கவலை இல்லை. பழைய ரேடியேட்டர்களோ 70, 80 பாகைத் தண்ணீருக்கென அளவிடப்பட்டவை. கடுங்குளிர் நாளில் திரும்பும் தண்ணீரே 60 பாகையைத் தாண்டலாம். அப்போது ஆவி ஒடுங்காது, பெட்டியில் அச்சிட்ட 95 விழுக்காடும் கிடைக்காது, புகையும் 65 பாகையைக் கடந்துவிடும்.

அந்த 65 பாகை பிவிசியின் எல்லை. கனடாவின் யூஎல்சி எஸ்636 தரநிலையின்படி, புகைக்கெனச் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட பிவிசிக்கு 65, சிபிவிசிக்கு (கூடுதல் குளோரின் சேர்த்த பிவிசி) 90, பாலிபுரொப்பிலீனுக்கு 110 பாகை என வரம்பு உண்டு. அமெரிக்காவில் யூஎல் 1738, ஐரோப்பாவில் ஈஎன் 14471 ஆகியவை இதே வேலைக்கானவை. கடையில் கிடைக்கும் சாதாரண பிவிசி தண்ணீருக்கும் கழிவுநீருக்குமான தரநிலைகளின்படி செய்யப்பட்டது. புகைக்காக அது சோதிக்கப்படவில்லை. சில சாதன உற்பத்தியாளர்கள் தங்கள் கையேட்டில் அதை அனுமதிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் குழாயைச் செய்பவர் பொறுப்பேற்காத வேலைக்கு அதைப் பயன்படுத்த நான் பரிந்துரைப்பதில்லை. நடுவில் நுரையடுக்கு கொண்ட இலகு பிவிசியை எந்தச் சாதனத்திலும் தொடவே வேண்டாம்.

இது வெறும் அச்சமன்று. உயர்வெப்பப் பிளாஸ்டிக் என்று நம்பிப் பொருத்தப்பட்ட ஒரு வகைப் புகைக்குழாய் விரிசல் விட்டும் மூட்டுகளில் பிரிந்தும் கார்பன் மோனாக்சைடைக் கசியவிடக்கூடும் என்பதால், சுமார் 250,000 அமைப்புகளை மாற்றும் திட்டத்தை அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1998இல் அறிவிக்க நேர்ந்தது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஒரு சிக்கல் உண்டு. பாத்திரங்களில் காணும் 304 வகை இதற்குப் போதாது. சலவைப் பொடி, வெளுப்பான், நீச்சல் குளம் ஆகியவற்றின் ஆவி எரிப்புக் காற்றில் கலந்தால், அதிலுள்ள குளோரின் ஒடுங்கிய நீரில் சேர்ந்து அந்த எஃகில் ஊசித்துளைகள் இடும். இதற்கென்றே உள்ள ஏஎல்29-4சி கலவையில் 29 விழுக்காடு குரோமியமும் 4 விழுக்காடு மாலிப்டினமும் இருக்கின்றன. விலை அதிகம், பெரிய கட்டடங்களின் பாய்லர்களுக்கும், புகை இன்னும் சூடாக வெளியேறும் சாதனங்களுக்கும் அது தகும். உங்கள் வீட்டுக்கு அவசியமில்லை.

ஆகவே என் தேர்வு பாலிபுரொப்பிலீன். பாய்லரின் நிறுவுதல் கையேட்டில் பெயர் குறிப்பிட்டு ஏற்கப்பட்ட தயாரிப்பாக அது இருக்க வேண்டும். கையேடு ஏற்குமானால் சான்று பெற்ற சிபிவிசியும் தகும். பாலிபுரொப்பிலீன் பசையால் ஒட்டாது. ரப்பர் வளையமும் பூட்டு வளையமும்தான் மூட்டைக் காக்கும். ஒரு நிறுவனத்தின் குழாயை இன்னொன்றின் எல்போவில் (வளைவு மூட்டில்) செருகினால் பொருந்தியதுபோலத் தோன்றும், ஆனால் கசியும். சிபிவிசி என்றால் குழாய், பிரைமர், ஒட்டுக்கரைசல் மூன்றும் ஒரே அமைப்பைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். வெப்பத்தில் நீளும் தன்மையையும் மறக்க வேண்டாம்: 10 மீட்டர் பிவிசி, சூடு 40 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளும்; பாலிபுரொப்பிலீன் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அந்த நீட்சிக்கு மூட்டுகளில் இடம் விட்டு, கையேடு சொல்லும் இடைவெளியில் தாங்கிகள் அமைக்க வேண்டும். ஒடுங்கிய நீர் பாய்லரை நோக்கித் திரும்பும்படி வாட்டம் கொடுக்க வேண்டும்; மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் என்பது பரவலான அளவு, சில கையேடுகள் 50க்கும் மேல் கேட்கின்றன. குழாய் எங்காவது தொய்ந்து நீர் தேங்கினால் புகையின் வழி அடைபடும்.

இனி வெந்நீர்க் கலன். புகைபோக்கியைப் பாய்லருடன் பங்கிட்டவரை, அதன் சூட்டில் கலனின் புகையும் மேலெழும்பியது. பாய்லர் விலகிய பின், அகன்ற அந்தக் குளிர்ந்த செங்கல் கூட்டைச் சூடேற்றக் கலனின் சிறு சுடரால் இயலாது. ஆவி உள்ளே ஒடுங்கும், புகையே அறைக்குள் திரும்பவும் கூடும். ஆகவே கலனின் எரிதிறனுக்கு ஏற்ற விட்டத்தில் புகைபோக்கிக்குள் உலோக உட்குழாய் இறக்க வேண்டும், அல்லது கலனையும் மாற்ற வேண்டும். உட்குழாய் இறக்கினால் பாய்லரின் குழாயைப் பக்கச் சுவர் வழியே கொண்டுபோங்கள். புகை செல்லும் புகைபோக்கிக்குள் பிளாஸ்டிக் குழாய் கூடாது. வேலை முடிந்ததும் சன்னல்களை மூடி, காற்று வெளியேற்றும் விசிறிகளை ஓடவிட்டு, கலனை 5 நிமிடம் எரியவைத்தபின், அதன் தலையில் புகைக்குழாய் தொடங்கும் இடத்திலுள்ள புகைக்கூம்பின் விளிம்பில் ஊதுவத்தியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வத்தியின் புகை உள்ளே இழுபடாமல் அறைப்பக்கம் திரும்பினால், பணியாளரை அனுப்பிவிடாமல் கலனை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.